கான்பெராவின் இடது இறக்கை

பிப்ரவரி 4, ஞாயிறு

என் தம்பி குழந்தைவேலுவின்மீது எனக்குள்ள புகார்களைக் கால வரிசைப்படி பதிவு செய்கிறேன். நான் நிதானம் இழந்தேன் என்று பிற்பாடு எவரும் சொல்லிவிடக் கூடாது.

1. 1981, மே. அப்பா விமானப்படையிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். வேலு அவருடைய சவரக் கத்தியை எடுத்துப் பென்சில் சீவியிருந்தான். மேசைமீது கையை வைக்கச் சொல்லி, அடிகோலால் அடிக்கும்படி அப்பா எனக்கு உத்தரவிட்டார். அழும்வரை நிறுத்தக் கூடாது. வேலு அழவில்லை. அடிகோல் முறிந்தது. என் உள்ளங்கையில் கொப்புளம் கண்டது. அதற்கு அவனே முழுப் பொறுப்பு.

2. 1989, ஜூலை. படிப்பை நிறுத்திவிட்டு, கணபதி பகுதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை ஒன்றில் செம்புக் கம்பி சுற்றச் சேர்ந்தான். அதன்பின் எல்லா விசேஷங்களிலும் என்னைப் 'படிச்சவரு' என்றே பிறருக்கு அறிமுகப்படுத்துகிறான். அதில் ஏளனம் இருக்கிறது.

3. 2011, ஜனவரி. அப்பா படுக்கையில் கிடந்தபோது, என்னைக் கேட்காமல் அவருடைய கால் நகங்களை வெட்டினான். அப்பா அவனுடைய தலைமீது கை வைத்தார். நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

4. 2011, பிப்ரவரி. பாகப் பிரிவினையின்போது வீடு வேண்டாம், தோட்டம் வேண்டாம், அந்த விமானம் மட்டும் ஓராண்டு விட்டு ஓராண்டு தன்னிடம் இருந்தால் போதும் என்றான். பெரியவர்கள் முன்னிலையில் என்னைப் பேராசைக்காரனாக நிறுத்துவதே அதன் நோக்கம்.

5. இவ்வாண்டு பிப்ரவரி 3. அந்த விமானத்தை இடது இறக்கை உடைந்த நிலையில் என்னிடம் ஒப்படைத்தான். எப்படி உடைந்தது என்று மும்முறை கேட்டும் பதில் சொல்லவில்லை.

விமானம் என்று நான் குறிப்பிடுவது கான்பெரா குண்டுவீச்சு விமானத்தின் வார்ப்பு உலோக மாதிரி. அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. பச்சையும் சாம்பலும் கலந்த வண்ணம். அப்பா அந்த ரக விமானங்களுக்குக் குண்டு ஏற்றும் பிரிவில் பணியாற்றியவர். ஓய்வுக்குப் பிறகு நடந்த ஒரு சந்திப்பில் பழைய விமானி ஒருவர் இதை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தார். அப்பா அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான், நான் வேலை செஞ்ச குண்டுக் கதவை மட்டும் தெறக்க முடியாம வார்த்துப்போட்டாங்க" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

அவருடைய திதி தை மாதத் தேய்பிறை அஷ்டமி. பேரூர் படித்துறையில் திதி கொடுத்துவிட்டு வந்தபின் விமானம் கைமாறும். இந்த முறை என் முறை.

நேற்று வீட்டில் ஒரு கைகலப்பு நிகழ்ந்தது. என் வேட்டியைக் குளிர்ந்த நீரில் ஊற வைத்திருக்கிறேன். வெந்நீர் பட்டால் இரத்தக் கறை துணியில் தங்கிவிடும்.

பிப்ரவரி 5, திங்கள்

கறை போகவில்லை. சிறுவாணித் தண்ணீர் வந்தது, தொட்டியை நிரப்பினேன். என் மனைவி பூங்கோதை எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

மாலையில் வேலுவின் மனைவி சுலோச்சனா வந்தாள். செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள். இருபத்தேழு ஆண்டுகளாக என்னை 'மாமா' என்றும் 'வாங்க, போங்க' என்றும் அழைப்பவள். இன்று மாமா இல்லை. மரியாதை மட்டும் இருந்தது.

வேலுவுக்கு வலது கையில் மூன்று விரல்கள் முறிந்திருக்கின்றன. நடுவிரலின் எலும்பு நான்கு துண்டுகளாகியிருக்கிறது. கம்பிகள் செலுத்தியிருக்கிறார்கள். சுண்டு விரலுக்கு உணர்ச்சி வரவில்லை. இதையெல்லாம் அவள் பூங்கோதையைப் பார்த்துச் சொன்னாள்.

"மெசின்ல கை சிக்கிருச்சுன்னு ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்திருக்காரு. டாக்டரு என்னைய தனியாக் கூப்பிட்டு, காயத்துக்குள்ள பச்சைப் பெயிண்டு இருக்குதேம்மா, அது எந்த மெசினுன்னு கேக்கறாரு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லை.

அவள் போகும்போது மேசையை ஒரு முறை பார்த்தாள். பூங்கோதை அதன்மேல் புதுவிரிப்புப் போட்டிருக்கிறாள். சுலோச்சனா விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

பட்டியலில் சேர்க்க வேண்டியது:

6. பிப்ரவரி 3. மருத்துவமனையில் பொய் வாக்குமூலம். என்னைக் காப்பாற்றும்படி நான் அவனைக் கேட்கவில்லை. நான் செய்ததை ஓர் இயந்திரம் செய்ததாகச் சொல்லும் உரிமையை அவனுக்கு யார் கொடுத்தது?

பிப்ரவரி 7, புதன்

நான் உலோகவியல் கற்பிக்கும் கல்லூரிக்குச் சென்றேன். நான்காம் பருவத்துக்கு அக மதிப்பீட்டுக் கேள்வித்தாள் தயாரித்தேன். ஐந்தாவது கேள்வி: முறிவுப் பரப்பை வைத்து முறிவின் காரணத்தை எவ்வாறு கண்டறிவாய்?

பிப்ரவரி 9, வெள்ளி

கைகலப்பு என்று எழுதியது துல்லியமான சொல் அல்ல. கைகலப்புக்கு இரண்டு பேர் தேவை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

படித்துறையிலிருந்து என் வீட்டுக்கு வந்தோம். வேலு பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். விமானத்தைச் சுற்றியிருந்த துண்டைப் பிரித்தேன். இடது இறக்கை, என்ஜினுக்கும் உடலுக்கும் இடையில் முறிந்து தனியே கிடந்தது. மும்முறை கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான்.

"கையை வை" என்றேன்.

ஐம்பத்து மூன்று வயதுக்காரன். பட்டறையில் எட்டுப் பேருக்கு முதலாளி. பூணூல் போட்டுத் திதி கொடுத்த ஈரம் காயாத கை. அதை மேசைமேல் வைத்தான். உள்ளங்கை கீழாக, விரல்களை விரித்து, அப்பா கற்றுக்கொடுத்த அதே விதத்தில்.

வீட்டில் அடிகோல் இல்லை. என் கையில் விமானம் இருந்தது. வாலைப் பிடித்தால் எடை முன்பகுதியில் குவிகிறது. முக்கால் கிலோ இருக்கும். முதல் அடி நடுவிரலின் நடுக் கணுவில் விழுந்தது. காய்ந்த முருங்கைக் கொப்பை ஒடித்தது போன்ற ஒலி. இரண்டாவது அடியில் தோல் பிளந்து வெண்மையாக ஏதோ தெரிந்தது. மூன்றாவது அடியில் வலது இறக்கையும் பிய்ந்து குளிர்பதனப் பெட்டியில் மோதித் தெறித்தது. அதன்பின் நான் எண்ணவில்லை. மேசையின் மேற்பரப்பு வழுக்கியது. அடிகள் இடம் மாறி விழுந்தன. பூங்கோதை என் முதுகைப் பிடித்துத் தொங்கினாள். அவளை உதறினேன். அவளுடைய தோள் கதவு நிலையில் இடித்தது.

உத்தரவு, அழும்வரை நிறுத்தக் கூடாது என்பது. அவன் அழவில்லை. எனவே நிறுத்துவதற்குரிய நேரம் வரவில்லை. கீழ்வீட்டுக்காரர் மணி அடித்ததால் நிறுத்தினேன்.

அவன் அந்தத் துண்டையே கையில் சுற்றிக்கொண்டு, "வரேனுங்ணா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். படிகளில் அவன் கால் ஒருமுறை தடுமாறியது கேட்டது.

அப்பா ஏன் தாமே அடிப்பதில்லை என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். தம்முடையது குண்டை வெடிக்கச் செய்யும் பியூஸைத் திருகுகிற கை. அடித்து அடித்து நடுங்கிப் போனால் ஒரு நாள் ஓடுபாதையே வெடித்துச் சிதறிவிடும் என்றார். நியாயமான காரணம். அவர் என்னை ஒருபோதும் அடித்ததில்லை. நான் அடித்து முடித்த பிறகு என் கையைப் பிடித்து விரல்களை நீவிவிடுவார்.

பிப்ரவரி 12, திங்கள்

இரண்டு இறக்கைகளையும் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றேன். உணவு இடைவேளையில் ஆள் இருக்காது.

கண்டவை: இடது இறக்கையின் முறிவுப் பரப்பு கருஞ்சாம்பல் நிறம், பொடிப்பொடியாக உதிர்கிறது. மோதிய தழும்பு எங்கும் இல்லை. வளைந்து முறிந்த அடையாளம் இல்லை. நுண்ணோக்கியில், உலோகப் பரல்களுக்கு இடையேயுள்ள எல்லைகளின் வழியாகவே விரிசல்கள் ஓடுகின்றன. வலது இறக்கையிலும் அவ்வாறே. அதன் ஒரு துண்டை இரு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினேன். முறுக்கைப் போல நொறுங்கியது.

இதை ஒவ்வோர் ஆண்டும் நான்காம் பருவத்தில் கற்பிக்கிறேன். துத்தநாகக் கலவையை வார்க்கும்போது சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால், காற்றின் ஈரம் பல ஆண்டுகளாக அதை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே வண்ணம் கெடாது. மெல்லிய பகுதி முதலில் போகும். ஒருநாள் எவர் கையும் படாமலே விழும். முறிவுப் பரப்பைப் பார்க்காமல் காரணம் சொல்பவன் உலோகவியல் படித்தவனல்ல என்று மாணவர்களிடம் சொல்வேன். முப்பது ஆண்டுகளாகச் சொல்கிறேன்.

இந்தச் சோதனை விமானத்தைப் பற்றியது. என் தம்பியைப் பற்றியதல்ல.

பிப்ரவரி 13, செவ்வாய்

பூங்கோதையிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"அப்ப வேலு தம்பி கீழ போடலீங்க."

கீழே போட்டதற்குச் சான்று இல்லை என்பது வேறு, கீழே போடவில்லை என்று நிறுவுவது வேறு என்று விளக்கினேன்.

"தானா உதுந்து போறதுக்கா அந்தக் கையை அப்படிப் பண்ணுனீங்க?"

கேள்வியைச் சரியாக அமைக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவள் உருவிய இலைகளையும் காம்புகளையும் ஒன்றாகக் குப்பைக் கூடையில் கொட்டினாள். ஒரு பையில் புடவைகளை எடுத்து வைத்தாள். சுலோச்சனாவுக்கு ஒத்தாசைக்குப் போவதாகச் சொன்னாள். தோளில் அடிபட்ட இடம் ரவிக்கைக்கு வெளியே நீலம் பாரித்திருந்தது. அதை மறைத்துக்கொள்ள அவள் முயலவில்லை.

பிப்ரவரி 14, புதன்

அரிசி இருக்கும் டப்பா எதுவென்று தெரியவில்லை.

பிப்ரவரி 17, சனி

மருத்துவமனையிலிருந்து வேலுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அறிந்து, கணபதிக்குச் சென்றேன். பட்டறை வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. தண்ணீர் மோட்டார்கள் வயிறு பிளந்தபடி வரிசையாகக் கிடந்தன. அவன் கையால் பாதி சுற்றிய கம்பிச்சுருள் ஒன்று அப்படியே நின்றிருந்தது. பட்டறை ஆட்கள் என்னைக் கண்டதும் வேலையை நிறுத்தினார்கள். ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை.

வேலு கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்திருந்தான். கை நெஞ்சுக்கு மேலே தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. விரல் நுனிகளிலிருந்து கம்பிகள் வெளியே நீட்டியிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றான். பூங்கோதை அவனை அழுத்திப் படுக்க வைத்தாள்.

எந்தத் தேதியில் இறக்கை உடைந்தது என்று கேட்டேன்.

"மார்கழிலங்ணா. அலமாரியைத் தெறந்தா தனியாக் கெடந்துச்சு."

ஏன் அப்போதே தெரிவிக்கவில்லை என்றேன்.

"போன வருசம் உங்க வீட்லருந்து எடுத்துட்டு வந்தப்பவே அடியில விரிசல் இருந்துச்சுங்ணா. மயிரு மாதிரி. சொன்னா உங்க வீட்ல வெச்சுக் கெட்டுப்போச்சுன்னு ஆகும். அப்பா பொருளு. நீங்க அதையே நெனச்சுட்டுக் கெடப்பீங்க. என்கிட்டயே ஒடஞ்சதா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

விரிசல் என் வீட்டில்தான் ஏற்பட்டது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். நான் கேட்க வந்தது வேறு ஒன்று. அதைக் கேட்டேன். கையை ஏன் மேசைமேல் வைத்தாய்?

"நீங்க வெக்கச் சொன்னீங்க."

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். மணி என்ன என்று கேட்டவனுக்குச் சொல்வதைப் போல.

நான் அவனுடைய சட்டையைப் பற்றினேன் என்று பூங்கோதை சொல்கிறாள். தூக்கி நிறுத்தினேன் என்றும், கட்டப்பட்டிருந்த கை அவிழ்ந்து கட்டில் சட்டத்தில் விழுந்தது என்றும் சொல்கிறாள். அவன் கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. எட்டு வயதிலிருந்து நான் கேட்டிராத குரல். அடுத்த கணம் என் நெற்றியில் ஏதோ விழுந்தது. சுலோச்சனா தண்ணீர்ச் சொம்பால் அடித்திருந்தாள். இரண்டாவது முறை காதின்மீது அடித்தாள். மூன்றாவது அடி என் மூக்கில் பட்டது. நான் கீழே உட்கார்ந்தேன். அவள் என்மேல் குனிந்து நின்றாள்.

"கைய வையிடா கீழ" என்றாள். "நீ வெய்யி. நான் பாக்கறேன்."

என்னை 'டா' என்று ஒரு பெண் அழைத்தது வாழ்க்கையில் இதுவே முதல் முறை. தரை சிமெண்டால் ஆனது, குளிர்ச்சியாக இருந்தது. என் கைகள் இரண்டும் மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. நான் அவற்றை அங்கே கொண்டுபோனதாக நினைவில்லை.

"உட்ரு சுலோ" என்றான் வேலு, கட்டிலிலிருந்து. "உட்ரு. பெரியவரு."

பிப்ரவரி 18, ஞாயிறு

புருவத்தில் நான்கு தையல். வலது காதில் இரைச்சல். எப்படி அடிபட்டது என்று மருத்துவர் கேட்டார். படியில் விழுந்தேன் என்றேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

விடைத்தாள்கள் வந்திருக்கின்றன. ஐந்தாவது கேள்விக்கு எல்லோரும் சரியாக எழுதியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 23, வெள்ளி

ஒரு சோதனை செய்தேன்.

மேசை விரிப்பை எடுத்தேன். பலகையின் இடுக்குகளில் கறை கருத்திருக்கிறது. என் இடது கையை உள்ளங்கை கீழாக, விரல்களை விரித்து அதே இடத்தில் வைத்தேன். வலது கையில் விமானத்தின் உடல். இறக்கைகள் இல்லாததால் இப்போது அது ஒரு கட்டை மட்டுமே. திறக்க முடியாத அந்தக் கதவு கீழே பார்த்திருந்தது. அதே உயரத்துக்கு ஓங்கினேன். அதே வேகத்தில் இறக்கினேன்.

மேசையில் பள்ளம் விழுந்தது. கை அங்கே இல்லை.

மீண்டும் வைத்தேன். பற்களைக் கடித்தேன். கண்களை மூடினேன். ஓங்கி இறக்கினேன். கை விலகியது. என் கையைத் தாக்குவது நானே. எப்போது இறங்கும் என்று எனக்கே தெரியும். விலகக் கூடாது என்று உத்தரவிடுவதும் நானே. ஆயினும் விலகியது. மேசையில் இப்போது வரிசையாகப் பள்ளங்கள் இருக்கின்றன. விமானத்தின் மூக்கும் உடைந்துவிட்டது. விரல்களில் ஒரு கீறல்கூட இல்லை.

பெல்ட்டால் மணிக்கட்டை மேசைக் காலோடு கட்டிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். அது வேறு சோதனை. அவனுடைய கை கட்டப்பட்டிருக்கவில்லை.

அடிக்கு முன் விலகுவது உடலின் இயல்பு. மாட்டுக்கும் உண்டு, கரப்பானுக்கும் உண்டு. முதல் அடிக்குப் பிறகாவது அவன் இழுத்திருக்க வேண்டும். எலும்பு வெளியே தெரிந்த பிறகாவது இழுத்திருக்க வேண்டும். இழுத்திருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். 1981-லும் நிறுத்தியிருப்பேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

நாளை பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டியது. இங்கே ஒரு படி வைத்துக்கொள்கிறேன்.

குழந்தைவேலுவுக்கு,

உன்மீது நான் வரிசைப்படுத்தி வைத்திருந்த ஆறு புகார்களில் ஐந்தாவதை ஆய்வக முடிவின் அடிப்படையில் நீக்கிவிட்டேன். இறக்கை உலோகத்தின் உள்நோயால் விழுந்தது. எவரும் உடைக்கவில்லை. இது குறித்து மேலும் எழுத ஒன்றுமில்லை.

மற்றவை நிற்கின்றன. அவற்றோடு ஏழாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன். 1981 மே மாதத்திலும் இவ்வாண்டு பிப்ரவரி 3 அன்றும், என் கைக்குக் கீழே இருந்த உன் கையை நீ விலக்கவில்லை. விலக்கும் வலிமை உனக்கு இருந்தது. நாலு ஆள் தூக்கும் மோட்டாரை நீ தனியாகப் புரட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். என்னைத் தடுத்திருக்கலாம்; தள்ளியிருக்கலாம்; திருப்பி அடித்திருக்கலாம். எதையும் செய்யாமல், நடந்தது முழுவதையும் என் ஒருவனுடைய செயலாக ஆக்கினாய்.

ஏன் விலக்கவில்லை? எனக்கு இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

நான் வைக்கச் சொன்னேன் என்பது பதிலாகாது. அப்பா சொன்னார் என்பதும் பதிலாகாது. அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகளாகின்றன. பூங்கோதையின் மூலமாகவோ சுலோச்சனாவின் மூலமாகவோ சொல்லியனுப்புவது ஏற்கப்படாது. மன்னித்துவிட்டேன் என்று எழுதுவாயானால், அதைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

உன் விரல்களிலிருந்து கம்பிகளை மார்ச் 11 அன்று அகற்றுவார்கள் என்று கேள்விப்பட்டேன். அதுவரை காத்திருக்க இயலாது. இடது கையால் எழுதினாலும் ஏற்றுக்கொள்வேன். கோணல் மாணலாக இருக்கலாம், பிழைகள் இருக்கலாம், ஒரு வரி போதும். உன் கையால் எழுதியதாக இருக்க வேண்டும்.

மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்துமூலமான பதில் என் கைக்கு வந்து சேர வேண்டும்.